அரை இஞ்ச் மாஸ்டர் ஓட்ஸ் கொண்ட படலம்

வாழ்க! கழுத்தில் அளவுநாடா வெற்றிமாலையாய்த் தவழ, செவியிடுக்கில் பென்சில் சிறுவேலாய்ச் செருகிநிற்க, மூக்கின் நுனியில் கண்ணாடி தவங்கிடக்க, முப்பத்தோராண்டுக் காலம் ஊராரின் இடுப்பையும் தோளையும் பின்புறத்தையும் அங்குலம் அங்குலமாய் அளந்தறிந்து, அறிந்ததை ஒருவரிடமும் உளறாமல் நெஞ்சுக்குள் பூட்டிவைத்த பெருந்தகை வாழ்க! தான் தைத்த கால்சட்டை ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும், நாளை வரப்போகும் தொப்பைக்கென இன்றே அரை இஞ்ச் துணியை ஒளித்துவைத்த தீர்க்கதரிசி, அதன் பொருட்டே ‘அரை இஞ்ச் மாஸ்டர்’ என்று தெருவெங்கும் பட்டம் பெற்ற தையற்கலைத் திலகம், தன் சொந்தக் கால்சட்டையின் அரை இஞ்சை எப்போதோ பிரித்துவிட்டு அடுத்த அரை இஞ்சுக்கு வழி தெரியாமல் நிற்கும் ஐம்பத்துமூன்று வயதுக் காளை, வாழ்க, வாழ்க! அன்னார் ஒரு சனிக்கிழமை முற்பகலில் மளிகைப் பேரங்காடிக்குள் தன்னந்தனியாய்ப் புகுந்து, உடம்புக்கு நல்லது எது என்று தேடிப் பொருத பெரும்போரை இங்கே பாட வந்தோம். நமக்குப் பாட்டு வராது என்பதால் உரைநடையில் சொல்கிறோம்.

முதலில் காப்பு. பொட்டலத்தின் முகத்தில் பொய்யைப் பெரிதாய் எழுதி, முதுகில் உண்மையைப் பொடியாய் அச்சடித்து, அதன்மேல் விலைச்சீட்டையும் ஒட்டி மறைக்கும் பொடியெழுத்துத் தெய்வமே, இந்தக் கதை முடியும்வரை எங்கள் கண்ணைக் காப்பாய். ஆள் வந்தால் திறந்து, ஆள் தயங்கினால் மூடி, நடுவில் நின்றால் தோளில் இடிக்கும் கண்ணாடிக் கதவின் காவல் தேவதையே, எங்கள் நாயகனை உள்ளே விடுவாய், முழுசாய் வெளியேயும் விடுவாய். காப்பு முடிந்தது.

இனிப் போரின் காரணம். காரணமில்லாமல் சண்டைக்குப் போகிறவரல்லர் நம் மாஸ்டர். ரவிக்கையின் கை இறுக்கம் என்று சண்டைக்கு வந்தவர்களையே, ஒரு சொல் எதிர்ச்சொல் சொல்லாமல், பிரித்துத் தைத்துத் திருப்பி அனுப்பியவர். ஆனால் சென்ற வாரம், வெள்ளை அங்கி தரித்த மருத்துவப் பெருமாட்டி, ரத்தப் பரிசோதனைத் தாளை ஓலைபோல் விரித்து, மாஸ்டரையும் மாஸ்டரின் மனைவியையும் மாறி மாறி நோக்கி, இப்படி ஒரு பிரகடனம் செய்தார்.

“மாத்திரை போட்டும் வெறும் வயித்துல சுகர் நூத்தி எண்பது இருக்கு. ஒரு மாசம் டைம் தர்றேன். சாப்பாட்டை மாத்துங்க. நூத்தி முப்பதுக்குக் கீழ வரலைன்னா ஊசி ஆரம்பிச்சுடலாம்.”

ஊசி! அந்தச் சொல் விழுந்த மாத்திரத்தில் மாஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலி தானாகவே ஓர் அடி பின்னுக்குப் போனது. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. கைத்தையல் ஊசி, கோணி ஊசி, மெஷின் ஊசி, பதினாறாம் நம்பர், பதினெட்டாம் நம்பர் என்று லட்சம் ஊசிகளை ஆண்டு அடக்கி, இருட்டிலும் ஒரே முயற்சியில் நூல் கோத்த அந்த மனிதர், பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நாளில் ஜன்னல் வழியே குதித்து ஓடியவர். ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம், “நான் மேல பாத்துக்கறேன், நீங்க கீழ பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டு மேலேயும் பார்க்காமல் மயங்கிச் சாய்ந்தவர். ஊசி அவருக்குத் தொழிலில் தோழன், உடம்பில் எமன்.

போதாக்குறைக்கு, பக்கத்தில் இருந்த மனைவி சும்மா இருந்தாளா? இல்லை. அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாய் எழுத்தர். மாற்றுச் சான்றிதழில் அவள் முத்திரை குத்தினால் மேசையின் நான்கு காலும் அதிரும், பக்கத்து அறையில் தலைமையாசிரியரின் தேநீர் தளும்பும். அந்தக் கைக்கு உரியவள் வெகு அமைதியாய்ச் சொன்னாள்: “அதுக்கென்ன டாக்டர், தினமும் காலைல நானே போட்டுவிட்டுடறேன்.” அன்று இரவு மாஸ்டருக்கு ஒரு வாய்ச் சோற்றுக்கு மேல் இறங்கவில்லை.

அதன்பின் அவர் நல்ல உணவு வாங்க இரண்டு முறை படையெடுத்து, இரண்டு முறையும் தோற்றுத் திரும்பியதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். முதல் தடவை, அட்டையில் ஒல்லியான ஒருவன் ஓடுவதைப் பார்த்து ஒரு பெட்டி வாங்கிவந்தார்; உள்ளே இருந்தது சர்க்கரையில் புரண்டெழுந்த சோளச் செதில். இரண்டாம் தடவை, ஆறு பழங்களின் படம் போட்ட சாறு வாங்கிவந்தார். ஆறு பழமும் படத்தோடு நின்றுவிட்டிருந்தன. மனைவி இரண்டையும் மேசைமேல் நிறுத்திவைத்து, “இனிமே நானே போறேன். உங்களுக்கு இது சரிப்படாது,” என்றாள்.

அப்போதுதான் மாஸ்டர் எழுந்தார். எழுந்து, அளவுநாடாவைக் கழுத்தில் இறுக்கி, சமையலறை விளக்கின் கீழ் நின்று, குடும்ப வரலாற்றில் நிலைக்கப்போகும் அந்தச் சபதத்தை உரைத்தார்: “கேட்டுக்கோ. ஊசின்னு ஒண்ணு இருந்தா அது என் கையிலதான் இருக்கும். உன் கையில இருக்காது. நானே பாத்து, நானே படிச்சு, நல்லதா வாங்கிட்டு வர்றேன்.”

மனைவி ஒரு தாளை எடுத்தாள். அலுவலகக் கையெழுத்தில், எண் போட்டு, ஐந்து வரிப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். ஒன்று, முழுக் கோதுமை ரொட்டி. இரண்டு, இனிப்புச் சேர்க்காத தயிர். மூன்று, உப்புப் போடாத வேர்க்கடலை. நான்கு, தோல் உரிக்காத பயறு. ஐந்து, வெறும் ஓட்ஸ். ‘வெறும்’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இவ்வாறாக, சட்டைப்பையில் பட்டியலும், கால்சட்டைப் பையில் நூல் வெட்டும் சின்னக் கத்திரியும், துணியில் குறிபோடும் வெள்ளைச் சாக்குக்கட்டியுமாய், முதன்முறை வருபவர்போல் அந்தப் பேரங்காடியின் வாசலில் நின்றார் வீரர். கண்ணாடிக் கதவு திறந்தது. குளிர்காற்று மார்பில் மோதியது. தள்ளுவண்டிகளின் வரிசையிலிருந்து ஒன்றை உருவினார். அதன் முன்சக்கரம் ஒன்று இடப்பக்கமே போவேன் என்று அடம்பிடித்தது. இழை கோணி நேர்நூல் பிசகிய துணியைப் பார்ப்பதுபோல் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசலோரமாய் ஒதுக்கி நிறுத்தினார். முதல் சுற்றுக்கு வண்டி வேண்டாம் என்பது அவர் முடிவு.

இங்கேதான் ஐயா, நாயகனின் தொழில் ரகசியம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தையற்கடையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: எல்லாவற்றையும் குறித்து முடிக்காமல் கத்திரியைக் கையில் எடுக்கக்கூடாது. முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று மொத்தத் துணியிலும் சாக்கால் கோடு போட்டு, தள்ளி நின்று ஒரு தடவை பார்த்து, அதற்குப் பிறகே வெட்டு. அவசரப்பட்டு வெட்டி, கைக்குத் துணி போதாமல் அரைக்கைச் சட்டையாய் முடித்த தம்பிமார்கள் எத்தனை பேரை அவர் கண்டிருக்கிறார். ஆகவே இங்கேயும் அதே சட்டம். முதலில் அங்காடி முழுக்கச் சுற்றி, ஐந்து பொருளிலும் நல்லது எது என்று கண்டுபிடித்து, அந்தந்த அலமாரி விளிம்பில் கோடு போடுவது. பிறகு வண்டியோடு வந்து வரிசையாய் அள்ளுவது. கறுப்பு விளிம்பில் வெள்ளைச் சாக்கு, கறுப்புத் துணியில் போட்டதுபோலவே பளிச்சென்று தெரியும். யோசனையில் ஓட்டை இருப்பதாக அவருக்குப் படவில்லை.

முதற்களம், ரொட்டிக்களம். அடடா, அங்கே அணிவகுத்து நின்ற படையை என்னவென்று சொல்வது! வெள்ளை ரொட்டி, பழுப்பு ரொட்டி, பல தானிய ரொட்டி, பதினேழு விதை ரொட்டி, மேலே ஓட்ஸைத் தூவிக்கொண்டு உள்ளே மைதாவாய் ஒளிந்திருக்கும் வேடதாரி ரொட்டி என்று, முகத்தில் கோதுமைக் கதிரைச் சூடிய முப்பது வகை மாயாவிகள் மார்தட்டி நின்றன. வேறொருவராயிருந்தால் பழுப்பைக் கண்டு மயங்கி அள்ளியிருப்பார். மாஸ்டரோ நிறத்தை நம்பியதே இல்லை. முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீருக்குத் தன் நிறத்தையெல்லாம் தாரைவார்த்த துணிகள் அவர் கடையில் எத்தனை. சட்டையின் காலரில் ‘சுத்தப் பருத்தி’ என்று தங்க நூலில் எழுதியிருக்கும். விலாவின் உள்தையலில் சின்னதாய் ஒரு சீட்டு இருக்கும், அதில்தான் உள்ளது இருக்கும். எனவே ரொட்டி ஒவ்வொன்றையும் பிடித்து, குப்புறக் கவிழ்த்து, விலாவில் உள்சீட்டைத் தேடினார். மைதா, நிறமி, சர்க்கரைப்பாகு, நாலாவதாய்க் கோதுமை. அடுத்தது, மைதா. அடுத்தது, மைதா. இருபத்து மூன்று மாயாவிகளைக் கவிழ்த்து இருபத்து நான்காவதில், கீழ்த்தட்டின் மூலையில், பழைய துணி கட்டிய ஏழைபோல் மங்கிய உறையில் இருந்த ஒரு ரொட்டியின் முதுகில் ‘கோதுமை’ என்ற ஒரு சொல்லே முதலில் நிற்கக் கண்டார். குனிந்தார், முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன, விளிம்பில் ஒரு கோடு இழுத்து, அதன் வாலில் தன் வழக்கப்படி ஒரு சிறு கொக்கியும் வளைத்தார். அந்தக் கொக்கி அவர் கையெழுத்து மாதிரி.

இரண்டாம் களம், பனி பொழியும் தயிர்க்களம். ‘கொழுப்பு நீக்கியது’ என்று உள்ளங்கையளவு எழுத்தில் கொக்கரித்த கிண்ணங்களைக் கவிழ்த்துப் பார்த்தால், கொழுப்பு எழுந்துபோன இடத்தில் சர்க்கரை உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் பனி படர, சட்டை நுனியால் துடைத்து, பனி படர, துடைத்து, மூக்கு நுனி மரத்துப்போகும்வரை போராடி, பாலும் உறையும் தவிர வேறொன்றும் அறியாத ஒரே ஒரு தயிரைக் கண்டெடுத்தார். கோடு, கொக்கி. கடலைக்களத்தில் உப்பும் காரமும் தேனும் பூசிய படைகளைக் கடந்து, ஆடையணியாத கடலைக்குக் கோடு. பயற்றுக்களத்தில் தோலோடு நின்ற பயற்றுக்குக் கோடு. இவ்வளவும் முக்கால் மணி நேரத்தில். அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதையோடு ஓட்ஸை நோக்கித் திரும்பினார் பாருங்கள், அங்கேதான் பகைவனின் சூழ்ச்சி. பயற்றுக்கும் ஓட்ஸுக்கும் நடுவில் பிஸ்கட் வீதி. சுற்றிப் போக வழியே கிடையாது. கட்டியவன் வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டியிருக்கிறான். இரு மருங்கிலும் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாய்க் கொடிகட்டி நின்ற அந்த வீதியின் நடுவில், சரியாகக் கண்மட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில், முப்பத்தோராண்டுக் காலமாய் நாலு மணித் தேநீருடன் தவறாமல் அவரைச் சந்தித்த கிரீம் பிஸ்கட், புதிய பச்சை ஆடை உடுத்தி, ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, என்னைத் தெரியவில்லையா என்பதுபோல் நின்றது. மாஸ்டர் நின்றார். நாக்கு ஊறியது. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவே, மனிதன் மிகவும் பலவீனமாயிருக்கும் அந்தப் பதினொன்றேகால் மணியில், அவர் கை தானே நீண்டது. பொட்டலம் கைக்குள் வந்தது. கட்டைவிரல் வழக்கம்போல் அதன் விளிம்பைத் தடவியது.

ஆயினும் தொழில் தர்மம் விட்டதா? விடவில்லை. கை தன்னியல்பாய்ப் பொட்டலத்தைக் கவிழ்த்தது. மைதாவுக்கு அடுத்த வரியிலேயே சர்க்கரை. நார்ச்சத்தோ கடைசி வரியில், ஒப்புக்கு. மாஸ்டர் அதை நிமிர்த்தி, கண்ணோடு கண் நோக்கி, யாருக்கும் கேட்காத குரலில், “உன்னை எனக்கு முப்பத்தோரு வருஷமாத் தெரியும். நீயுமா வேஷம் போட வந்துட்ட?” என்று கேட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார். வீதியின் முனையில் திரும்பி ஒரு தடவை பார்த்தார். ஒரு தடவைதான்.

ஐந்தாம் களத்தில் தேன் ஓட்ஸ், சாக்லேட் ஓட்ஸ், மாம்பழ ஓட்ஸ், நடுவில் தலைகுனிந்து நின்ற வெறும் ஓட்ஸ். முதுகில் ஒரே சொல்: ஓட்ஸ். சாக்குக்கட்டி கடைசிக் கோட்டை இழுத்தது, கொக்கி வளைந்தது. குறித்தாயிற்று. இனி வெட்டு. தள்ளுவண்டியை எடுக்க வாசலுக்கு விரைந்தார் வீரர், நெஞ்சு நிமிர்ந்து, சபதம் பாதி நிறைவேறியது என்ற மிதப்பில்.

விதி எங்கே இருந்தது தெரியுமா? ரொட்டிக்களத்தில், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரின் உருவத்தில். முகவரி, முத்திரை, குறி என்று வாழ்நாள் முழுக்கச் சின்னங்களைப் படித்தே பழகிய அந்தக் கண்ணுக்கு, அலமாரி விளிம்பின் வெள்ளைக் கோடு தப்புமா? மருமகளைக் கூப்பிட்டார். “இங்க பாரு, இதுக்கு மட்டும் கோடு போட்டு வெச்சிருக்கான். ஏதோ ஆஃபர் போல.” மருமகள் இரண்டு எடுத்தாள். பின்னால் வந்தவர் நான்கு எடுத்தார். தயிர்க்களத்தில் இன்னொருத்தி அதே கோட்டைக் கண்டு, அதே கொக்கியைக் கண்டு, “அங்க ரொட்டிக்கும் இதே மாதிரி இருந்துச்சு,” என்றாள். அவ்வளவுதான். உலைநீர் பொங்கியதுபோல் பொங்கியது கூட்டம். அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவள், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மேனேஜரைக் கேளுங்க,” என்றாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் தெரியாது என்றால் என்னமோ இருக்கிறது என்றுதானே பொருள்.

நிலைமை கைமீறியதைக் கண்ட மேலாளர், கண்ணாடி அறையிலிருந்து ஒலிபெருக்கியைப் பற்றி, அங்காடியின் எட்டுத் திசையும் அதிர முழங்கினார்: “வாடிக்கையாளர்களின் கவனத்திற்கு. கோடு போட்ட பொருட்களுக்கு எந்தவிதத் தள்ளுபடியும் கிடையாது. கோடு போட்ட பொருட்களுக்கு எந்தவிதத் தள்ளுபடியும் கிடையாது.” அதுவரை கோட்டைக் கவனிக்காதவர்களும் இப்போது கோட்டைத் தேடினார்கள். முடியப்போகிறது போலிருக்கிறது, அதனால்தான் சொல்கிறான் என்று ஒருவர் விளக்கம் வேறு கொடுத்தார். வாழ்நாளில் உப்பில்லாத கடலையைத் தொட்டறியாதவர்களெல்லாம் கை கொள்ளாமல் அள்ளினார்கள். தோலோடு பயற்றை என்ன செய்வது என்றே தெரியாத இளம் தம்பதி மூன்று பொட்டலம் எடுத்தார்கள். மாமிசக்களம் வெறிச்சோடியது. மிட்டாய்க்களத்தில் ஈ ஆடவில்லை. அந்த அங்காடி திறந்த நாளிலிருந்து அன்று ஒரு நாள்தான் அவ்வளவு சனம் உடம்புக்கு நல்லதை வாங்கியது.

வாசலில் சக்கரத்தோடு நெடுநேரம் மல்லுக்கட்டியதில் இதொன்றும் காதில் விழாத மாஸ்டர், இடப்பக்கமே இழுக்கும் வண்டியை வலப்பக்கமாய் ஒடித்து ஒடித்து ஓட்டிக்கொண்டு ரொட்டிக்களம் வந்தார். கோடு இருந்தது. கொக்கி இருந்தது. ரொட்டி இல்லை. தயிர்க்களம் போனார், கோடும் குளிரும் இருந்தன. கடலை இருந்த இடத்தில் கறுப்புத் தட்டு. பயறு இருந்த இடத்தில், யாரோ மனம் மாறி வைத்துவிட்டுப் போன ஒரு கட்டிச் சோப்பு. கண்ணெதிரே ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளிடம் அவருடைய கோட்டைச் சுட்டிக்காட்டி, “இந்தக் கோடு இருக்கறதைத்தான் எடுக்கணும்,” என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தன் கோடே தன் கழுத்தைச் சுற்றியது மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. காதுக்குள் நங்கென்று ஒரு முத்திரை விழும் சத்தம் கேட்டது. மனைவியின் முத்திரை. வண்டியை விட்டார், பிஸ்கட் வீதியை இம்முறை ஏறெடுத்தும் பாராமல் ஓடினார், ஓட்ஸ்களத்தில் வந்து மூச்சிரைக்க நின்றார்.

ஒன்று இருந்தது. ஒரே ஒன்று. தேனுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில், யுகமுடிவில் மிஞ்சிய ஒற்றை வீரனாய். மாஸ்டர் கையை நீட்டிப் பற்றினார். அதே கணம் மறுபுறத்திலிருந்து இன்னொரு கை அதைப் பற்றியது. முப்பதாண்டுக் காலம் ஓடும் பேருந்தின் நெரிசலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சில்லறையை வாங்கி, இடுப்பாலேயே கூட்டத்தைப் பிளந்து முன்னேறிய பழுத்த கை அது. நிமிர்ந்து பார்த்தால், ஓய்வுபெற்ற கண்டக்டர். அதாவது மாஸ்டரின் மனைவிக்கு மூத்த அண்ணன்.

இரண்டு மலைகள் முட்டியதுபோல் இரண்டு தொப்பைகள் அந்த ஒற்றைப் பொட்டலத்தின் இருபுறமும் நின்றன. ஊசியைப் பிடித்த விரல்களும் டிக்கெட் கிழித்த விரல்களும் விட்டுக்கொடுக்காமல் இறுகின. உறை நெரிந்தது, உள்ளே ஓட்ஸ் முனகியது, தேன் ஓட்ஸ் இரண்டு சரிந்து தரையில் விழுந்து வீரமரணம் எய்தின.

“மச்சான், அது என்னோடது.”

“எங்க எழுதியிருக்கு மாப்ள?”

“கீழ பாருங்க. கோடு.”

“கோடு உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா என் பேண்ட்டுக்குள்ள கிடக்குற கோடு. அந்தக் கொக்கியைப் பாத்துத்தான் கையே வெச்சேன். பின்னாடி இருக்கற பொடி எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது. நீ படிச்சிருப்பேன்னு தெரியும்.”

மாஸ்டரின் பிடி, அவரைக் கேட்காமலேயே கொஞ்சம் தளர்ந்தது. ஆஃபருக்காக வரவில்லை, கூட்டத்தோடு கூட்டமாயும் வரவில்லை, தன் கோட்டை நம்பி வந்த ஒரே மனிதர் இவர். கூடையைப் பார்த்தார். வேறொன்றுமில்லை, அவரும் காலி அலமாரிகளாகவே கண்டு வந்திருக்கிறார். அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது.

“உங்களுக்கு எதுக்கு மச்சான் ஓட்ஸ்? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. போன மாசம்கூட எங்க வீட்டுல ரெண்டு கப் பாயாசம் குடிச்சுட்டு, எனக்கெல்லாம் சுகர் பக்கத்துல வராதுன்னு சொன்னீங்க.”

ஓடும் பேருந்தில் எத்தனை பேர் சத்தம் போட்டாலும் பதில் வைத்திருந்த கண்டக்டர், கீழே விழுந்த தேன் ஓட்ஸை எடுத்துத் தட்டில் அடுக்கினார். இரண்டையும் நேராக வைத்தார். “இதை பில் போட்டுட்டு வெளில வா, சொல்றேன்,” என்றார்.

தள்ளுவண்டிகள் அடுக்கிவைக்கும் கம்பிக்கூட்டுக்குப் பக்கத்தில், வெயில் படாத ஓரத்தில், இரு பெருந்தலைவர்களும் சந்தித்தார்கள். கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு மாசமா ஊசி போட்டுக்கறேன் மாப்ள. வீட்டுல அவளுக்கு மட்டும் தெரியும். என் தங்கச்சிகிட்ட சொல்லிடாத. சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுட்டிருக்கா.”

மாஸ்டருக்கு முதலில் பயம் வந்தது, பிறகு மச்சான்மேல் இரக்கம் வந்தது, அதற்கும் பிறகு, அடக்க முடியாமல், அந்தக் கேள்வி வந்தது. “வலிக்குமா மச்சான்?”

“எறும்பு கடிச்ச மாதிரி. அவ்வளவுதான்.”

மாஸ்டர் நம்பவில்லை. புதுச் செருப்பு கடிக்காது என்றும், இந்தத் துணி சுருங்காது என்றும் சொல்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இந்த முகம் அப்படி இல்லை என்பதும் தெரிந்தது, தெரிந்தும் நம்பவில்லை. பேசாமல் கழுத்திலிருந்து அளவுநாடாவை உருவினார். பொட்டலத்தை நிமிர்த்தி, இரண்டு தட்டுத் தட்டி மட்டப்படுத்தி, அளந்தார். ஒன்பது இஞ்ச். சாக்குக்கட்டியால் குறித்தார். கண்டக்டர் மடித்துவைத்திருந்த பையைப் பிரித்து வாய் விரித்துப் பிடிக்க, சின்னக் கத்திரியால் உறையின் தலையை வெட்டி, சாமி அபிஷேகம்போல் ஒரு துளி சிந்தாமல் ஓட்ஸைக் குறி வரைக்கும் கொட்டினார். இரண்டு தேசங்கள் எல்லை பிரித்துக்கொண்டபோதுகூட இவ்வளவு நேர்மையாய்ப் பிரித்திருக்காது. கொட்டி முடித்ததும் கண்டக்டர் உறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என் பக்கம் ஜாஸ்தியா இருக்கே மாப்ள.”

“உங்க பக்கம் அரை இஞ்ச் விட்டிருக்கேன் மச்சான்.”

வீட்டில் மனைவி பட்டியலோடு காத்திருந்தாள். மாஸ்டர் நாலு இஞ்ச் ஓட்ஸை மேசைமேல் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள். “அஞ்சு எழுதிக் குடுத்தேன்,” என்றாள். “ஒண்ணுல பாதி கிடைச்சுது,” என்றார் அவர். மீதிப் பாதி எங்கே என்று அவள் கேட்டதற்கு, கடையில் கூட்டம் என்று மட்டும் சொன்னார். உறையைத் திருப்பி முதுகைப் படித்த மனைவி, ஐந்தாம் எண்ணுக்கு நேரே ஒரு சரிக்குறி போட்டாள். அதைக் கண்ட மாஸ்டர், வெற்றிமுரசு கேட்டவர்போல் சமையலறையைக் கடந்து போனார். மற்ற நாலையும் மறுநாள் காலையில், கோடு போடாமல், அவரே போய் வாங்கிவந்தார்.

ஒரு மாதம் ஓடியது. ரொட்டியும் தயிரும் கடலையும் பயறும் ஓட்ஸும் முறைவைத்து அவர் வயிற்றுக்குள் அணிவகுத்தன. நாலு மணித் தேநீருக்கு மட்டும், கடைக்கு எதிர்ப்புறப் பெட்டிக்கடையில் தினமும் ஒரே ஒரு பிஸ்கட். அது உணவு அல்ல, தேநீரின் ஒரு பகுதி என்பது அவர் கட்சி. மருத்துவப் பெருமாட்டி மறுபடி தாளை விரித்தார். நூற்று எண்பது, நூற்று நாற்பத்தெட்டாய் இறங்கியிருந்தது. “நல்லாத்தான் குறைச்சிருக்கீங்க. ஆனா இது போதாது,” என்றார்.

ஆக வந்தது அந்தக் காலை. சூரியன் சமையலறை ஜன்னலில் தயங்கி நின்றான். குழாய் சொட்டுவதை நிறுத்தியது. மேசைமேல் கிண்ணத்தில் ஓட்ஸ் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. ஊசிப்படைக்கெல்லாம் அதிபதியாய் விளங்கிய அரை இஞ்ச் மாஸ்டர், சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, குலதெய்வங்களை வரிசையாய் அழைத்தபடி நாற்காலியில் வீற்றிருந்தார். மூன்று நாள் நர்ஸிடம் பாடம் கேட்டுத் தேறிய மனைவி பஞ்சால் துடைத்தாள், ஊசியை எடுத்தாள், கையை உயர்த்தினாள். உலகம் மூச்சைப் பிடித்தது. அப்போது மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் இலேசாகத் திறந்து பார்த்தார்.

பார்த்தவர் இரண்டு கண்ணையும் திறந்தார். ஐயோ, அவள் பிடித்திருந்த பிடி! ஐந்து விரலும் மூடிய முஷ்டியில், கட்டைவிரலை மேலே அழுத்தி, இருபது வருடமாய் மாற்றுச் சான்றிதழுக்கு முத்திரை குத்துகிறாளே, அதே பிடி. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. முப்பத்தோராண்டுத் தொழில் அவர் உடம்பில் விருட்டென்று எழுந்து நின்றது.

“ஊசியை யாராவது அப்படிப் பிடிப்பாங்களா? குடு இங்க.”

பிடுங்கினார். இரண்டு விரலுக்கு இடையே வைத்தார்; நுனியை வெளிச்சத்தில் பார்த்தார்; இடக்கையால் தொப்பையில், மடிப்புத் தைக்கத் துணியைப் பிடிப்பதுபோல், சரியாக அரை இஞ்ச் பிடித்தார்; சபதத்தில் சொன்னபடியே ஊசி தன் கையில் இருக்க, நேர்நூல் பிசகாமல் ஒரே தையலாய் இறக்கினார்.

எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.